ரெய்டு இருக்கிறது, பார்க்க ஆள் இருக்கிறதா?

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கலர் லேபில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். கல்யாண ஆல்பம்தான் எங்கள் முக்கியமான பிழைப்பு. அம்பை, ஆலங்குளம், சங்கரன்கோவில், வள்ளியூர் என்று சுற்றுவட்டாரத்து போட்டோகிராஃபர்கள் டிஸ்க்கோடு வருவார்கள், நாங்கள் காப்பி எடுத்து, டிசைன் போட்டு, பிரிண்ட் அடித்து, பைண்டிங் செய்து கொடுப்போம். எல்லாப் படமும் ஒரே செர்வரில். அதில் 4 டிபி டிஸ்க் நாலைச் சேர்த்து ரெய்டு 5 போட்டிருந்தார்கள், அதாவது நாலும் ஒரே டிரைவாக ஓடும், ஒன்று போனால் அதில் இருந்ததை மற்ற மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு எடுக்கலாம். ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாது என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள், அது பொய்யில்லை. ஆனால் ஒரு டிஸ்க் போய்விட்டது என்று நமக்கு யார் சொல்வார்கள் என்பதை விற்றவர்களும் பேசவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததே இதையெல்லாம் வாங்கிப் போட்ட பிறகுதான், ஆனால் பாடு முழுக்க என் தலையில் விழுந்தது. ஒரு மனிதர் முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பணமும் தூக்கமும் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே தாமிரபரணி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் முதலாளி அண்ணாச்சி செர்வரை மாடிக்கு ஏற்றிவிட்டார். நல்ல முடிவுதான். ஆனால் மாடி ரூம் எப்போதும் பூட்டியே கிடக்கும், ஏசி ஓடும், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில் புதுக் கேபிள் இழுக்க நான் மேலே போனால் விட்டு விட்டு ஒரு கீச்சுச் சத்தம். எதிர்த்த தையல்கடை அக்காவிடம் கேட்டேன். "அது ரொம்ப நாளா கத்திக்கிட்டுதான கெடக்கு தம்பி, யூபிஎஸ்ஸுன்னுல்லா நெனச்சோம்" என்றார். யூபிஎஸ் பக்கம் காதை வைத்துப் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை, சத்தம் செர்வர் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது. டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்துகிற ரெய்டு கன்ட்ரோலர் கார்டுகள் பலவற்றில் ஒரு சின்ன பஸ்ஸர் உண்டு, டிஸ்க் ஒன்று போனதும் அது கத்த ஆரம்பிக்கும், கவனிக்கிற வரைக்கும் கத்தும். உங்கள் கடையில் செர்வர் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் இருந்தால் வாரம் ஒருதடவை ஏசியை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நின்று கேளுங்கள், செலவில்லாத வேலை.

செர்வரை நிறுவிக் கொடுத்த வெளியூர் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஏஎம்சி, அதாவது வருஷாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், முடிந்துவிட்டது, ஆள் வர வேண்டுமானால் தனிக் காசு, அதுவும் அடுத்த வாரம்தான் என்றார்கள். கடைசியில் ஒரு இலவச ஆலோசனை: "ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார், சத்தம் நின்னுரும்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எந்த டிஸ்க் போனது, மிச்சம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் செர்வரை நிறுத்தக் கூடாது. வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிற பழைய டிஸ்க் ஒருதடவை நின்றால் திரும்பச் சுழலாமலே போகலாம், ரெய்டு 5இல் ஏற்கெனவே ஒன்று போயிருந்தால் இரண்டாவது போவதோடு கதை முடிந்தது. கார்டின் சொந்த மெனுவுக்குள் போக வேண்டுமென்றாலும் ரீஸ்டார்ட் தேவை. ஆக, ஓடுகிற விண்டோஸுக்குள் இருந்தபடியே கார்டோடு பேசுகிற சாஃப்ட்வேர் வேண்டும். அது அந்தச் செர்வரில் இல்லவே இல்லை. டிரைவரைப் போட்டிருக்கிறார்கள், விண்டோஸுக்கு ஒரே ஒரு பெரிய டிரைவ் தெரிகிறது, பச்சையாக, எந்தக் குறையும் இல்லாமல். பின்னால் நாலு டிஸ்க் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியாது, கார்டு காட்டுவதைத்தான் அது காட்டும். இது புரியாமல்தான் பல கடைகளில் மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.

இனி சாஃப்ட்வேர் தேடிய கதை, இங்கேதான் எனக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது. முதலில் கார்டு எது என்று தெரிய வேண்டும். செர்வர் மேல் ஒட்டியிருக்கிற பெயரை நம்பாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்கள் என்ற இடத்தில் கார்டின் பெயர் இருக்கும், அதன் ஹார்டுவேர் ஐடியில் வென்டர் நம்பரும் டிவைஸ் நம்பரும் இருக்கும், அதை வைத்துத் தேடினால் உள்ளே இருக்கிற சிப் யாருடையது என்று தெரிந்துவிடும். எங்களுடையதில் எல்எஸ்ஐ சிப். எல்எஸ்ஐ கம்பெனியை 2014இல் அவாகோ வாங்கியது, அந்த அவாகோ 2016இல் பிராட்காமை வாங்கி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது, அதனால் ஒரே பொருளுக்குப் பழைய பக்கங்களில் ஒரு பெயர், புதிய பக்கங்களில் வேறு பெயர், தேடுகிறவன் பைத்தியமாவான். விண்டோ திறந்து மவுஸால் அழுத்துகிற பழைய சாஃப்ட்வேர் மெகாரெய்டு ஸ்டோரேஜ் மேனேஜர். அதற்கப்புறம் வந்தது எல்எஸ்ஐ ஸ்டோரேஜ் அத்தாரிட்டி, பிரவுசரில் திறப்பது. கமாண்ட் அடிக்கிறவர்களுக்கு முன்பு மெகாசிஎல்ஐ, இப்போது ஸ்டோர்சிஎல்ஐ. டெல் செர்வரில் இருக்கிற பெர்க் கார்டுகளுக்குப் பெர்க்சிஎல்ஐ என்று அதே குடும்பத்துத் தம்பி ஒன்று. ஹெச்பி ஆட்களுக்கு ஸ்மார்ட் ஸ்டோரேஜ் அட்மினிஸ்ட்ரேட்டர், அடாப்டெக் கார்டென்றால் மேக்ஸ்வியூவும் ஆர்க்கான்ஃபும். செர்வர் கம்பெனி தன் பெயரில் விற்ற கார்டு என்றால் முதலில் அந்தக் கம்பெனியின் தளத்தில், உங்கள் செர்வர் மாடலுக்குக் கீழே இருப்பதையே எடுங்கள். முக்கியமாக, தேடலில் முதலில் வந்து நிற்கிற ஏதோ ஒரு டவுன்லோடு தளத்திலிருந்து எடுத்து, கடையின் உயிர்நாடியான செர்வரில் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட விடாதீர்கள்.

இன்ஸ்டால் செய்வதிலும் ஒரு வரிசை உண்டு என்று பட்ட பிறகு சொல்கிறேன். விண்டோ திறக்கிற பெரிய சாஃப்ட்வேரை முதலில் தொட வேண்டாம். அது ஜாவா கொண்டுவரும், சர்வீஸ் ஒன்றை நிறுவும், சில சமயம் ரீஸ்டார்ட் கேட்கும், டிரைவர் பழசாக இருந்தால் முறைக்கும். கமாண்ட் லைன் கருவி அப்படியில்லை. ஒரே ஒரு ஃபைல், ஃபோல்டரில் போட்டு, அட்மினிஸ்ட்ரேட்டராக கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஓட்டினால் போதும். அவசரத்துக்கு அதுதான் கை கொடுக்கும். கார்டின் நிலையைக் காட்டு, டிஸ்க்குகளின் நிலையைக் காட்டு என்று கேட்கிற கமாண்டுகள் எதையும் மாற்றுவதில்லை, பயப்படாமல் அடிக்கலாம். முதல் வேலையாக அந்த வெளியீட்டையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்து, அந்த ஃபைலை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்விடுங்கள். நாளைக்கே கார்டு செத்தாலும் எந்த டிஸ்க் எந்த ஸ்லாட்டில் இருந்தது, சீரியல் நம்பர் என்ன, ஸ்ட்ரைப் சைஸ் (டேட்டாவை டிஸ்க்குகளுக்குப் பிரித்து எழுதுகிற துண்டின் அளவு) என்ன என்பது கையில் இருக்கும். டேட்டா மீட்கிற கடைக்குப் போக நேர்ந்தால் அவர்கள் கேட்கிற விவரமும் இதுதான்.

எங்கள் கார்டு என்ன காட்டியது? ரெய்டு நிலை டிகிரேடட், அதாவது ஒரு டிஸ்க் குறைவாக ஓடுகிறது. ஒரு டிஸ்க் ஃபெயில்டு. இன்னொரு டிஸ்க்கில் மீடியா எரர், அதாவது படிக்க முடியாத இடங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் போகும் என்று எச்சரிக்கிற ப்ரெடிக்டிவ் ஃபெயிலியரும் சுழியம் இல்லை. ஈவன்ட் லாகை இறக்கிப் படித்தால் முதல் டிஸ்க் போனது போன தீபாவளிக்கு முந்தின வாரம்! ஐப்பசியிலிருந்து வைகாசி வரைக்கும் லேப் முழுக்க ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, பஞ்சர் டயரை டிக்கியில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கை நடுங்கியது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, அந்த டிரைவில் டெலிவரி ஆகாத கல்யாணங்கள் அவ்வளவு கிடந்தன. ரெய்டு என்ற யோசனையை 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூன்று பேரும் கட்டுரையாக எழுதியபோதே, போன டிஸ்க்கை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பாதுகாப்புக் கணக்குக்குள் சேர்த்துத்தான் எழுதினார்கள். மாற்றும் நேரம் கூடக் கூடப் பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறையும். மணிக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை எங்களிடம் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. "ஆடி பொறக்கட்டும் தம்பி, அப்ப ஒரு முகூர்த்தமும் கெடயாது, பைய நிறுத்தி வச்சிப் பாத்துக்கிடலாம்லா" என்றார். வியாபாரக் கணக்கில் அது சரிதான், லேபில் எந்த ரிப்பேரையும் ஆடிக்குத்தான் தள்ளுவோம். ஆனால் மீடியா எரர் ஆடி வரைக்கும் காத்திருக்காது. நான் அவரிடம் டிஸ்க், ரெய்டு என்றெல்லாம் பேசவில்லை, இன்றைக்கு இரண்டாவதும் போனால் யார் யாருக்கு என்ன பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பெயர் பெயராக வாசித்தேன். நாலாவது பெயரிலேயே மணிபர்ஸை எடுத்துவிட்டார். முதலாளிகளிடம் பேச இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

புது டிஸ்க்கைப் போட்டு ரீபில்ட் ஓட விடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதற்கு முன்னால் பேக்கப். ஏனென்றால் ரீபில்ட் என்பது போன டிஸ்க்கில் இருந்ததைக் கணக்கிட்டுப் புதியதில் எழுத, மிச்சமிருக்கிற மூன்று டிஸ்க்கையும் முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை படிக்கிற வேலை. எங்கள் கணக்கில் 12 டிபி. சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10இன் அடுக்கு 14 பிட் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருப்பார்கள், அதை பைட்டாக மாற்றினால் 12.5 டிபி. நிச்சயம் போகும் என்று அர்த்தமில்லை, பல டிஸ்க் அதைவிட நன்றாகவே உழைக்கும், ஆனால் ஏற்கெனவே மீடியா எரர் காட்டுகிற டிஸ்க்கை நம்பி இந்தச் சூதாட்டம் கூடாது. வெளி டிஸ்க் 5 டிபி இரண்டு வாங்கினோம், 23,000 ரூபாய்க்கு மேல். நொடிக்கு 100 எம்பி போனால்கூட 1 டிபிக்கு ஏறத்தாழ 2 மணி 45 நிமிஷம் ஆகும், சின்னச் சின்ன ஃபைல் என்றால் இன்னும் இழுக்கும். போதாததற்கு இந்தக் கையடக்க வெளி டிஸ்க்குகள் பலவும் ஆரம்பத்தில் பறந்துவிட்டு, போகப் போக நொண்டும். விண்டோஸிலேயே வருகிற ரோபோகாப்பி என்ற காப்பி கமாண்டைத்தான் பயன்படுத்தினேன். அதில் ஒரு பொறி இருக்கிறது: படிக்க முடியாத ஃபைல் வந்தால் அது 30 நொடிக்கு ஒருதடவை, 10 லட்சம் தடவை முயற்சி செய்யும், அதுதான் அதன் இயல்பான அமைப்பு. ரிட்ரை 1, வெயிட் 1 என்று மாற்றி, லாக் ஃபைலும் எழுதச் சொல்லி ஓட்டுங்கள், இல்லாவிட்டால் காலையில் வந்து பார்த்தால் ஒரே போட்டோவில் நின்றுகொண்டிருக்கும். அப்புறம், ஃபோல்டர் வரிசையில் காப்பி எடுக்காதீர்கள். டெலிவரி ஆகாத கல்யாணம் முதலில், போன மாதத்து வேலை அடுத்து, பழைய ஆல்பங்கள் கடைசியில். பாதியில் டிஸ்க் விழுந்தால் எது கையில் மிஞ்ச வேண்டும் என்பதுதான் வரிசை.

பேக்கப் ஓடுகிற நேரத்தில் மாற்று டிஸ்க் வாங்கினோம். விலை குறைவு என்று அண்ணாச்சி வேறொரு ஊர்க் கடையில் சொல்லி வரவழைத்தார், 9,800 ரூபாய். பெட்டி புதுசு, பிளாஸ்டிக் உறை புதுசு. செர்வரில் செருகியதும் கார்டு அதை ஃபாரின் என்று காட்டியது. ஃபாரின் என்றால் அந்த டிஸ்க்கில் வேறு ஏதோ ரெய்டின் குறிப்பு எழுதியிருக்கிறது என்று பொருள். புது டிஸ்க்கில் எப்படி வேறு ரெய்டு இருக்கும்? உருவி எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால் 21,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கும் மேலே எங்கேயோ உழைத்துவிட்டு வந்த டிஸ்க்கைப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். சண்டை போட்டுப் பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. டிஸ்க் வாங்கினால் செர்வரில் மாட்டும் முன்னே ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள், சீரியல் நம்பரைத் தயாரித்த கம்பெனியின் வாரன்ட்டி பக்கத்தில் போட்டும் பாருங்கள், மணி நேரத்தை அழித்து விற்கிற கெட்டிக்காரர்களும் உண்டு. இன்னொன்று, ஃபாரின் என்று வந்தால் சாஃப்ட்வேர் இம்போர்ட் செய்யவா, கிளியர் செய்யவா என்று கேட்கும். எதையும் அழுத்தாதீர்கள். வெளியிலிருந்து வந்த டிஸ்க் ஃபாரின் என்றால் அது ஒரு கதை, உங்கள் சொந்த டிஸ்க்கே ஃபாரின் ஆகியிருந்தால் கிளியர் அழுத்திய மறுகணம் உங்கள் ரெய்டின் அடையாளமே போய்விடும். டெஸ்க்டாப் டிஸ்க்கும் வாங்க வேண்டாம். அவை கெட்ட செக்டாரை மீட்க நீண்ட நேரம் மல்லுக்கட்டும், கார்டு பொறுமையிழந்து டிஸ்க்கையே வெளியே தள்ளிவிடும். நாஸ் (நெட்வொர்க்கில் மாட்டுகிற ஸ்டோரேஜ் பெட்டி) அல்லது செர்வர் ரகம் என்று போட்டவை சில நொடிகளில் கையை விரித்துவிடும், மிச்சத்தை ரெய்டு பார்த்துக்கொள்ளும். கொள்ளளவு பழைய டிஸ்க்குக்குச் சமமாகவோ கூடவோ இருக்க வேண்டும். இரண்டாவது தடவை 12,000 கொடுத்து நல்லதாகவே வாங்கினோம், கெடப்போகிற டிஸ்க்குக்கும் சேர்த்து இரண்டு.

மாற்றுகிற அன்று பைண்டிங் பையன் ஒருவனைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். "அண்ணே, ரெண்டாவதுதான? உருவிருதேன்" என்று கையை வைத்துவிட்டான். சாஃப்ட்வேர் சொன்னது ஸ்லாட் 2. ஆனால் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும், ஸ்லாட் 2 என்றால் மூன்றாவது டிஸ்க். அவன் கை வைத்தது நல்ல டிஸ்க்கின் மேல். கத்தி நிறுத்தினேன். இந்தக் கார்டுகளின் சாஃப்ட்வேர் பெரும்பாலானவற்றில் லொக்கேட் என்று ஒன்று இருக்கும், அதை அழுத்தினால் அந்த டிஸ்க்கின் விளக்கு கண்ணடிக்கும். கண்ணடிக்கிறதை மட்டும்தான் தொட வேண்டும். செத்த டிஸ்க்கின் விளக்கு சில நேரம் எரியாது, அப்போது மற்ற மூன்றையும் கண்ணடிக்க வைத்து, எரியாததை எடுக்கலாம். எடுத்ததும் சீரியல் நம்பரை முதலில் சேமித்த ஃபைலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். புது டிஸ்க் போட்டதும் ரீபில்ட் தானாகத் தொடங்கியது. எங்கள் கார்டில் ரீபில்ட் ரேட் 30 சதவீதம் என்று இருந்தது, பகலில் டிசைனர்கள் வேலை பார்க்க அப்படியே விட்டு, கடை மூடியதும் கூட்டினேன். ஆனி பிறந்து மேற்குக் காற்று வீச ஆரம்பித்திருந்தது, கரண்ட் கண்ணைக் கண்ணைக் காட்டியது. யூபிஎஸ் பேட்டரியை முன்கூட்டியே மாற்றியிருந்ததால் பிழைத்தோம், ஆனால் நான் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே மாடியிலேயே படுத்தேன், கொசுக்கடியோடு.

பயந்த மாதிரியே மீடியா எரர் காட்டிய அந்த டிஸ்க் நடுவில் சில இடங்களைப் படிக்க முடியாமல் விட்டது. கார்டு அந்த இடங்களைக் கெட்டவை என்று குறித்துவிட்டு மேலே போனது, ரீபில்ட் முடிந்தது. அதே ஃபைல்கள் பேக்கப்பிலும் வரவில்லை என்று ரோபோகாப்பி லாக் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஒரு கல்யாணத்தின் வரவேற்புப் படங்களில் ஒரு பகுதி, பழைய ஆல்பங்கள் சிலவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும். போட்டோகிராஃபர் கேமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெண்வீட்டாரிடம் அண்ணாச்சியே நேரில் போய்ப் பேசினார், ஆல்பத்துக்கு வாங்கிய 28,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆல்பத்தையும் கொடுத்தார். அவர்கள் நல்ல மனிதர்கள், சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முதல் டிஸ்க் போன வாரமே ஒரு மெயில் வந்திருந்தால் இந்தப் படங்கள் இருந்திருக்கும், அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை. ரெய்டு ஆப்டிமல், அதாவது முழு நலம் என்று ஆனதும் அடுத்த இரவே கெடப்போகிற டிஸ்க்கையும் மாற்றினோம்.

தேடும்போது எதிர்பாராமல் கிடைத்தது ஒன்று. செர்வர் ஸ்லோ என்று டிசைனர்கள் ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் நெட்வொர்க்கைத் திட்டினார்கள். கார்டில், எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வாங்கி வைக்கிற கேஷ் நினைவகத்தைக் காக்க ஒரு பேட்டரி இருக்கும், எங்களுடையது செத்துக் கிடந்தது. பேட்டரி இல்லையென்றால் கார்டு, கேஷில் வாங்கியதுமே சரி என்று சொல்கிற ரைட் பேக்கிலிருந்து ரைட் த்ரூவுக்குப் போய்விடும், அதாவது எழுதுவதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே சரி என்று சொல்லும். ரெய்டு 5இல் அது ஆமை வேகம். பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கிலேயே இரு என்று கட்டாயப்படுத்த ஒரு அமைப்பு உண்டு, வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பலர் அதைப் போடுகிறார்கள். ஆனி ஆடிக் காற்றில் கரண்ட் போகிற ஊரில் அதைப் போடவே கூடாது, எழுதாமல் கேஷில் நிற்பது அத்தனையும் போய்விடும். 9,000 ரூபாய்க்குப் புதுப் பேட்டரி மாற்றினோம், புலம்பல் நின்றது.

எல்லாம் அடங்கிய பிறகுதான் விண்டோ திறக்கிற பெரிய சாஃப்ட்வேரை நிறுவினேன். லாகின் கேட்டால் அதற்கென்று தனிப் பாஸ்வேர்டு கிடையாது, விண்டோஸின் அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரும் பாஸ்வேர்டும்தான், இது தெரியாமல் பலர் அட்மின், அட்மின் என்று அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செர்வரையே காணவில்லை என்று சொன்னால் அதன் சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள், அப்புறம் ஃபயர்வால். பிரவுசரில் திறக்கிற ரகம் 2463 என்ற போர்ட்டில் வரும், வீட்டிலிருந்து பார்க்கலாமே என்று ரவுட்டரில் அந்தப் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். மெயில் அமைப்பில் ஜிமெயில் கொடுத்தால் சாதாரணப் பாஸ்வேர்டு ஏற்காது, 2022 மே மாதத்தோடு கூகுள் அதை நிறுத்திவிட்டது, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். டெஸ்ட் மெயில் பட்டனை அழுத்தி, போனில் வந்து விழுகிறதா, ஸ்பேம் பெட்டிக்குப் போகிறதா என்று கண்ணால் பாருங்கள். இது மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் மெயில் வராத நாள் நல்ல நாளா, மெயிலே உடைந்து போன நாளா என்று தெரியாது. அதனால் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஸ்கிரிப்ட், தினமும் காலையில் கமாண்ட் லைன் கருவியை ஓட்டி நிலையை எனக்கும் அண்ணாச்சிக்கும் அனுப்பும், எல்லாம் சரியாக இருந்தாலும் அனுப்பும். ஒருநாள் வரவில்லை என்றால் அண்ணாச்சியே "என்னடே, இன்னைக்கு லெட்டர் வரலியே" என்று கூப்பிட்டுவிடுகிறார். லினக்ஸில் கார்டு இல்லாமல் எம்டிஏடிஎம் என்ற சாஃப்ட்வேர் வைத்து ரெய்டு போட்டவர்களும் அதன் மானிட்டர் வசதியில் மெயில் முகவரியைக் கொடுத்து, அதிலேயே இருக்கிற டெஸ்ட் வசதியால் ஒருதடவை அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

பஸ்ஸரை சைலன்ஸ் செய்வதும் டிஸேபிள் செய்வதும் வேறு வேறு. சைலன்ஸ் என்றால் இந்தத் தடவை மட்டும் வாயை மூடும், டிஸேபிள் என்றால் இனி எப்போதும் பேசாது. தலைவலிக்கிறது என்று டிஸேபிள் செய்யப்பட்ட கார்டுகளை நான் இதற்கப்புறம் வேறு கடைகளில் பார்த்திருக்கிறேன். பேட்ரோல் ரீட், கன்சிஸ்டன்சி செக் இரண்டும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். யாரும் தொடாத பழைய ஆல்பங்கள் கிடக்கிற இடத்தில் செக்டார் கெட்டுப் போயிருந்தால் அவைதான் முன்கூட்டிக் கண்டுபிடிக்கும். எங்களுடையதில் கன்சிஸ்டன்சி செக்கை ஞாயிறு ராத்திரிக்கு மாற்றிவிட்டேன்.

இதற்கிடையில் அந்த நிறுவனத்திலிருந்து ஏஎம்சி புதுப்பிக்க ஆள் வந்தார். அண்ணாச்சி அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, டிஸ்க் போனால் எங்க போனுக்கு மெயில் வருமா என்று கேட்டார். அது ஸ்கோப்பில் வராது சார் என்றார் வந்தவர். "அப்ப காபியக் குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

ஆடியில் ரெய்டு 5ஐ அழித்து, அதே நாலு டிஸ்க்கில் ரெய்டு 6 போடலாம் என்றிருக்கிறேன், எந்த இரண்டு போனாலும் தாங்கும். ஆனால் 12 டிபிக்குப் பதிலாக 8 டிபிதான் மிஞ்சும், பேட்டரி இருந்தாலும் எழுதுகிற வேகம் இன்னும் கொஞ்சம் குறையும். பழைய ஆல்பங்களை எத்தனை வருஷம் வைத்துக்கொள்வது, அதற்கு போட்டோகிராஃபர்களிடம் காசு வாங்கலாமா என்று அண்ணாச்சிக்கும் எனக்கும் இப்போது தினமும் வாக்குவாதம்.